தேநீரின் ஊக்கமும் ஆண் பெண் உடல்களும்

கலஹாவைச் சூழ்ந்த மலைகளிற் பிறந்து வளர்ந்தோர்க்குத் தேயிலையைப் பற்றி எடுத்துரைக்கப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கப் புகுந்த கதையாகும். நாற்று மேடை முதல் கொழுந்து நிறுவை வரையும், கொழுந்து வாட்டும் மாடி முதல் தூள் சலிக்கும் அறை வரையும் தேயிலையின் வாழ்வு முழுவதும் நம்மவர் அறிந்ததே. ஆயினும், தொண்டைக்குள் இறங்கிய பின்னர் அத்தேநீர் யாது செய்கின்றது என்பதையும், அஃது எல்லா உடலிலும் ஒரே வகையாகத்தான் தொழிற்படுகின்றதா என்பதையும் எண்ணிப் பார்த்தோர் சிலரே. இவ்வினாவிற்கு விஞ்ஞானம் இன்று தரும் விடையை, யூபிலி மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்கும், இன்று பயிலும் மாணவ மாணவியர்க்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும் இயன்ற அளவு எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடையைச் சுருங்கச் சொல்லின் இது: ஒரே கோப்பைத் தேநீர் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றன்று. பெண்ணுக்கே கூட அஃது எக்காலத்தும் ஒன்றன்று. இவ்வேறுபாட்டை அறியாதிருப்பதனால் துன்பம் அடைவோர் பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் நம் தாய்மாரும் சகோதரிமாருமே.

மலைநாடும் ஓர் இரசாயனப் பொருளும்

கலஹாவுக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில், 1867 ஆம் ஆண்டிலே, ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். இலங்கையில் வாணிக நோக்குடன் தேயிலை பயிரிடப்பட்ட வரலாறு அங்கிருந்தே தொடங்குகின்றது. அதற்கு முன்னர் இம்மலைகளை மூடியிருந்தது காப்பி. 1869 ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைத்துரு நோய் அடுத்துவந்த ஆண்டுகளிற் காப்பித் தோட்டங்களை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

வரலாற்று நூல்கள் இதனை ஒரு பயிர் போய் மற்றொரு பயிர் வந்த கதையாகக் கூறும். இரசாயனம் கற்றவன் நோக்கில் மாறியது செடியேயன்றிச் சரக்கன்று. காப்பியை உலகம் விரும்பியதற்கும் தேயிலையை உலகம் விரும்புவதற்கும் பெருங்காரணமாக நிற்பது ஒரே பொருள். அதன் பெயர் கஃபீன். 1819 ஆம் ஆண்டில் ருங்கே என்னும் செர்மானிய இரசாயன அறிஞர், கவிஞர் கதேயின் தூண்டுதலால், காப்பிக் கொட்டையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார். 1827 ஆம் ஆண்டில் தேயிலையிலிருந்து ஒரு பொருள் பிரித்தெடுக்கப்பட்டு, அதற்குத் தேயின் எனத் தனிப்பெயரும் இடப்பட்டது. பின்னர் 1838 ஆம் ஆண்டில் இவ்விரண்டும் ஒன்றே எனத் தெளிந்தனர். ஆகவே நம் முன்னோர் இம்மலைகளில் உழைத்த காலமெல்லாம், முதலிற் காப்பியாகவும் பின்னர்த் தேயிலையாகவும், ஒரே ஊக்கப் பொருளையே உலகிற்கு வழங்கி வந்தனர் எனலாம்.

செடிக்கு இப்பொருள் பூச்சிகளினின்று தன்னைக் காக்கும் படைக்கலம். மென்மையான இளந்தளிருக்கே காவல் மிகுதியும் வேண்டும். ஆதலின், முற்றிய இலையைக் காட்டிலும் மொட்டிலும் அதனை அடுத்த ஈரிலைகளிலும் கஃபீன் செறிந்திருக்கின்றது. பெண்களின் விரல்கள் தேர்ந்து கிள்ளுவது செடியின் இப்பகுதியையே.

உடலினுள் நிகழ்வது

நாம் விழித்திருந்து உழைக்குந்தோறும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறிது சிறிதாகச் சேர்கின்றது. மூளைக் கலங்களின் மேற்பரப்பில் அதற்கென அமைந்த இருக்கைகள் உண்டு. அவற்றில் அடினோசின் அமருந்தோறும் கலங்களின் வேகம் தணியும். களைப்பும் உறக்கமும் தோன்றும். கஃபீனின் உருவம் அடினோசினின் உருவத்தை ஒத்திருப்பதனால், அது முந்திச் சென்று அவ்விருக்கைகளைப் பிடித்துக்கொள்கின்றது. உரியவர் வந்து நின்றும் அமர இடமில்லை. எனவே களைப்பு நீங்கியது போன்ற ஓர் உணர்ச்சி பிறக்கின்றது. உண்மையில் களைப்பு நீங்கவில்லை. களைப்பின் செய்தி தடுக்கப்பட்டது, அவ்வளவே. இவ்வேற்றுமையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் இதற்குத் தேவை நேரும்.

குடித்த தேநீரின் கஃபீன் ஏறக்குறைய முக்கால் மணித்தியாலத்துள் முழுவதும் குருதியிற் கலந்துவிடும். அதனைச் சிதைத்து வெளியேற்றும் தொழில் ஈரலுக்கு உரியது. ஈரலிலுள்ள ஒரு நொதியமே இதனைப் பெரும்பாலும் செய்கின்றது. குருதியிற் கலந்த கஃபீன் பாதியளவாகக் குறைவதற்குச் செல்லும் நேரத்தை அரைவாழ்வுக் காலம் என்பர். நலமுள்ள வளர்ந்தவர்க்கு இது சராசரியாக 5 மணித்தியாலம். மாலை 4 மணிக்கு ஒருவர் 100 மில்லிகிராம் கஃபீனை உட்கொண்டால், இரவு 9 மணிக்கு 50 மில்லிகிராமும், பின்னிரவு 2 மணிக்கு 25 மில்லிகிராமும் அவர் உடலில் எஞ்சியிருக்கும்.

ஆயினும் ‘சராசரி’ என்னும் சொல்லே இங்கு நம்மை மயக்குவது. எவருடைய சராசரி? எந்த உடல்? இதனை இனி நோக்குவோம்.

வேறுபாட்டின் காரணங்கள்

முதலாவது, உடலின் அளவு. 70 கிலோகிராம் எடையுள்ள ஆண் 100 மில்லிகிராம் கஃபீனை உட்கொண்டால், அவன் பெறுவது ஒரு கிலோகிராமுக்கு ஏறக்குறைய 1.4 மில்லிகிராம். 45 கிலோகிராம் எடையுள்ள பெண் அதே கோப்பையைக் குடித்தால், அவள் பெறுவது 2.2 மில்லிகிராம். கோப்பை ஒன்றே, அளவு ஒன்றன்று.

இரண்டாவது, ஈரலின் வேகம். கருவுறாதவளும் ஓமோன் மருந்து எதுவும் உட்கொள்ளாதவளுமான பெண்ணுக்கும் ஆணுக்கும் இடையே கஃபீனை வெளியேற்றும் வேகத்திற் பெரிய வேறுபாடு இல்லை. சில ஆய்வுகள் பெண்ணின் நொதியம் சற்று மெதுவாகத் தொழிற்படுகின்றது என்கின்றன. வேறு சில வேறுபாடு காணவில்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஓமோனின் அளவு உயருங்கால் நிலைமை முற்றிலும் மாறுகின்றது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை உட்கொள்ளும் பெண்ணின் உடலிற் கஃபீனின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ இரட்டித்து, 10 மணித்தியாலம் வரை நீள்கின்றது. ஒரு கோப்பை குடித்தவள் இரு கோப்பையின் விளைவை இரவு முழுவதும் சுமக்க நேர்கின்றது. காரணம் அறியாது உறக்கமின்மையையும் படபடப்பையும் வேறு நோயென எண்ணி வருந்துவோரும் உளர்.

மூன்றாவது, கருப்பகாலம். இதுவே எல்லாவற்றிலும் பெரிய வேறுபாடு. கருவுற்ற பெண்ணின் ஈரல், மாதங்கள் செல்லச் செல்ல, கஃபீனைச் சிதைப்பதில் மேன்மேலும் மந்தமடைகின்றது. இறுதி மூன்று மாதங்களில் அரைவாழ்வுக் காலம் 15 மணித்தியாலத்தை எட்டுவதும், அதனைக் கடப்பதும் உண்டு. மாலை 4 மணிக்குக் குடித்ததில் பாதி மறுநாட் காலை 7 மணிக்கும் குருதியில் நிற்கும். அதன் மேல் காலைத் தேநீர் வந்து சேரும்; அதன் மேல் பத்து மணித் தேநீரும் வந்து சேரும். இவ்வாறு படிப்படியாகத் தேங்குகின்றது.

தேங்கியது தாயின் உடலோடு நிற்பதுமில்லை. கஃபீன் சூல்வித்தகத்தைத் தடையின்றிக் கடந்து குழந்தையை அடைகின்றது. அங்கோ அதனைச் சிதைக்கும் நொதியம் இன்னும் தோன்றவில்லை. பிறந்த குழந்தையின் உடலிற் கூட அரைவாழ்வுக் காலம் 80 மணித்தியாலம், அஃதாவது மூன்று நாளுக்கு மேல் என்று கணித்துள்ளனர். தாய் மிகுதியாகக் கஃபீன் உட்கொள்வதற்கும் குழந்தை எடை குறைந்து பிறப்பதற்கும் தொடர்புண்டு எனப் பல ஆய்வுகள் காட்டுதலின், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2015 ஆம் ஆண்டில், வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை ஏற்புடையதெனவும், கருவுற்ற பெண்களுக்கு 200 மில்லிகிராம் வரையே ஏற்புடையதெனவும் வரையறுத்தது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்ளும் கருவுற்ற தாய்மார் அதனைக் குறைக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

நான்காவது, புகைத்தல். புகையிலைப் புகையிலுள்ள பொருள்கள் ஈரலின் இந்நொதியத்தைத் தூண்டிவிடுவதனால், புகைப்போர் கஃபீனை மிக விரைவில் வெளியேற்றுகின்றனர். நம் நாட்டிற் புகைப்போர் பெரும்பாலும் ஆண்களே. ஆதலின் சுருட்டும் சிகரெட்டும் பழகிய ஒருவர், “நான் ஆறு கோப்பை குடித்தும் நன்றாய் உறங்குகிறேன், உனக்கு மட்டும் என்ன?” என்று மனைவியைக் கேட்பின், அவ்வினாவிற்கு விடை அவருடைய சட்டைப் பையில் உள்ளது என்க.

இவற்றைக் கொண்டு பெண்ணுடல் மருந்துகளைக் கையாள வலியற்றது என்று எவரும் முடிவு கட்டுதல் ஆகாது. புகையிலையிலுள்ள நிக்கோட்டீனும் ஓர் ஊக்கப் பொருளே. அதனை ஈரலின் வேறொரு நொதியம் சிதைக்கின்றது. அந்நொதியத்தை ஈஸ்ட்ரோஜன் தணிப்பதற்கு மாறாகத் தூண்டுகின்றது. அதனால் பெண்கள் நிக்கோட்டீனை ஆண்களைக் காட்டிலும் விரைவாக வெளியேற்றுகின்றனர். கருப்பகாலத்தில் அவ்வேகம் இன்னும் மிகுகின்றது. ஒரே ஓமோன் ஒரு கதவை அடைத்து மறுகதவைத் திறக்கின்றது. ஆகவே ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே ஆராய்ந்தாலன்றி உண்மை புலப்படாது.

வேறு ஊக்க மருந்துகள்

கஃபீனைக் காட்டிலும் வலிய ஊக்க மருந்துகளிலும் இத்தகைய வேறுபாடுகள் காணப்படுகின்றன. அம்பெற்றமீன் வகையைச் சேர்ந்தவை மூளையில் டோபமீன் என்னும் பொருளை வெளிப்படச் செய்து ஊக்கம் அளிப்பவை. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரே வகையில் அம்பெற்றமீன் கொடுக்கப்பட்ட ஆண்களின் மூளையிற் பெண்களின் மூளையைக் காட்டிலும் டோபமீன் மிகுதியாக வெளிப்பட்டது. சிக்காகோ பல்கலைக்கழகத்தார் 1999 ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மாதவிடாய்ச் சுழற்சியின் முற்பாதியில் அம்மருந்தின் கிளர்ச்சியைப் பெண்கள் மிகுதியாகவும், பிற்பாதியிற் குறைவாகவும் உணர்ந்தனர். பிற்பாதியில் உயரும் புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோன் அக்கிளர்ச்சியை மழுங்கச் செய்கின்றது என்று கருதுவர்.

கவனக்குறைவு நோய்க்கு வைத்தியர் அளிக்கும் மெத்தில்பெனிடேற் என்னும் மருந்தை 1944 ஆம் ஆண்டில் ஆக்கியவர் சுவிற்சர்லாந்தில் பணியாற்றிய பனிசோன் என்னும் இரசாயன அறிஞர். அதனை முதலில் உட்கொண்டு பார்த்தவருள் அவர் மனைவி ஒருவர் என்றும், ‘றீற்றா’ என்னும் அவரது செல்லப் பெயரே ‘றிட்டலின்’ என்னும் வாணிகப் பெயராயிற்று என்றும் கூறுவர். பெண்ணின் பெயர் தாங்கிய மருந்தே ஆயினும், பெண்ணுடலில் அதன் போக்கு எத்தகையது என்னும் ஆராய்ச்சி நெடுங்காலம் பின்தங்கியே நின்றது.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. தலிடோமைட் என்னும் மருந்தினாற் குழந்தைகள் உறுப்புக் குறைவுடன் பிறந்த கொடுமைக்குப் பின்னர், 1977 ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம், மகப்பேற்றுப் பருவத்திலுள்ள பெண்களைப் புதிய மருந்துகளின் முதற்கட்டச் சோதனைகளினின்று விலக்கி வைத்தது. நோக்கம் நன்றே. ஆனால் அதன் பயனாக, ஆணுடலில் அளந்தறிந்த அளவே பெண்ணுக்கும் உரிய அளவாக எழுதப்பட்டது. இவ்விதி 1993 ஆம் ஆண்டில் மாற்றப்பட்டது. இருபது ஆண்டுகளின் பின், 2013 ஆம் ஆண்டில், சொல்பிடெம் என்னும் உறக்க மருந்து பெண்களின் குருதியில் மறுநாட் காலையிலும் மிகுதியாக எஞ்சி நிற்பதைக் கண்டு, பெண்களுக்குரிய அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கும்படி அதே நிருவாகம் கூறியது. அம்மருந்து பல ஆண்டுகள் விற்கப்பட்ட பின்னரே இவ்வுண்மை வெளிவந்தது. பெண்ணைக் காப்பதற்கென அவளை ஆராயாது விடுவது அவளைக் காப்பதாகாது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

மாணவர்க்கு இங்கு ஒரு சொல். பரீட்சைக் காலத்தில் விழித்திருப்பதற்கென ஊக்க மாத்திரைகளை வைத்தியர் ஆலோசனையின்றி உட்கொள்ளும் தீய வழக்கம் உலகெங்கும் பரவி வருகின்றது. நண்பனுக்கு வைத்தியர் கொடுத்த அளவு நண்பனுடைய உடலை நோக்கிக் கொடுத்த அளவு. ஓராண்மகனுக்கு ஏற்றது மற்றோராண்மகனுக்கே ஏற்காமற் போகலாம். மாணவிக்கு அது பொருந்துமென எண்ணுவதற்கு எவ்வகை நியாயமும் இல்லை. கஃபீன் செறிந்த ஊக்கப் பானப் புட்டிகளுக்கும் இஃது ஒக்கும்.

நம் மலைகளிற் பெரிய கேள்வி: இரும்புச் சத்து

இதுகாறும் கூறியவை ஊக்கப் பொருளைப் பற்றியன. ஆனால் தேநீரில் கஃபீன் மட்டும் இல்லை. அதன் துவர்ப்பிற்குக் காரணமான தனின் முதலிய பொருள்களும் உள. ஆண் பெண் வேறுபாடு நம் மலைநாட்டில் மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் இதுவே.

நாம் உண்ணும் தானியம், கீரை, பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்துடன் தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் இணைந்து, கரையாத ஒரு கூட்டுப் பொருளாக மாறிவிடுகின்றன. கரையாததைக் குடல் உறிஞ்சாது. 1975 ஆம் ஆண்டில் டிஸ்லர் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக நிறுவியது. அவர்கள் சோதித்த உணவுகளுள் பாணும், உருளைக்கிழங்கு வெங்காயச் சாற்றுடன் கூடிய சோறும் இருந்தன. அவ்வுணவுகளுடன் தேநீர் பருகியபோது இரும்பு உறிஞ்சப்படுவது பெரிதும் குறைந்தது. சமைத்த இறைச்சியின் குருதிப் பொருளிலுள்ள இரும்பு மட்டும் இத்தடைக்கு உட்படவில்லை. மரக்கறியும் மாவுணவும் மிகுதியாக உண்போர்க்கே இழப்பு மிகுதி என்பது இதன் பொருள்.

இவ்விழப்பை ஆண் தாங்குவான். பெண்ணுக்கு அது கடினம். மாதந்தோறும் குருதியை இழப்பவளும், கருவையும் சிசுவையும் தன் குருதியால் வளர்ப்பவளும் அவளே. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்பு போதும் என்றும், மகப்பேற்றுப் பருவத்திலுள்ள பெண்ணுக்கு 18 மில்லிகிராமும் கருவுற்றவளுக்கு 27 மில்லிகிராமும் வேண்டும் என்றும் 2001 ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணிப்புக் கூறும். தேவையோ இருமடங்கு, மும்மடங்கு. உண்பதோ பல இல்லங்களில் ஆணுக்குப் பரிமாறி எஞ்சியது.

இனி நம் தோட்டங்களின் காலைப்பொழுதை நோக்குவோம். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிய பெண், ரொட்டியும் சாயத் தண்ணீரும் உண்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலைக்கு ஏறுகிறாள். சாயத் தண்ணீர் பெரும்பாலும் தூள் தேயிலையிலிருந்து ஆக்கப்படுவது. தூள் நுண்ணியதாகையாற் சாயமும் விரைவில் இறங்கும். கொதிக்க விட்டாற் கஃபீனும் துவர்ப்பும் முழுதும் இறங்கும். ரொட்டியிலுள்ள சிறிதளவு இரும்பும் அத்துவர்ப்பிற் சிக்கிக் குடலிற் சேராது கழிகின்றது. நாளடைவிற் குருதிச்சோகை தலைகாட்டுகின்றது. சோகையின் முதல் அடையாளம் களைப்பு. களைப்பைப் போக்க அவள் அறிந்த மருந்து யாது? இன்னொரு கோப்பைத் தேநீர். அக்கோப்பை, முன்னர்க் கூறியவாறு, களைப்பின் செய்தியை மறைக்கின்றது. களைப்பின் காரணத்தையோ வளர்க்கின்றது. இச்சுழலினின்று தானே வெளிவருவது அரிது. ஏனெனில் ஒவ்வொரு கோப்பையும் உண்மையாகவே சிறிது நேரம் சுகம் தருகின்றது.

சோகைக்குத் தேநீர் ஒன்றே காரணம் என்பது தவறாகும். குறைந்த உணவு, அடிக்கடி மகப்பேறு, வெறுங்காலுடன் நடப்போரைத் தாக்கும் கொக்கிப்புழு முதலியவை பெருங்காரணங்கள். நல்ல உணவு உண்போர்க்குத் தேநீரால் இரும்புக் குறைவு நேர்வது அரிது. ஆனால் மற்றக் காரணங்கள் ஏற்கெனவே நிற்கும் இல்லத்தில், உணவோடு பருகும் தேநீர் எரியும் நெருப்பில் நெய்யாகும்.

சோகை நீங்கினால் என்ன நிகழும் என்பதற்கு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலேயே சான்று உண்டு. அமெரிக்க அறிஞர் எட்ஜேர்ட்டன், கார்ட்னர் முதலியோரும் இலங்கை வைத்தியர் செனவிரத்ன முதலியோரும் சேர்ந்து கொழுந்து பறிக்கும் பெண்களிடையே நடாத்திய ஆய்வு 1979 ஆம் ஆண்டிற் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு சாராருக்கு இரும்புச் சத்து மாத்திரையும், மற்றொரு சாராருக்கு மருந்தில்லா வெறும் மாத்திரையும் கொடுத்து, அவர்கள் நாள்தோறும் பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்த்தனர். ஒரு மாதத்தின் பின்னர், குருதியில் ஈமோகுளோபின் உயர்ந்த பெண்கள் முன்னிலும் மிகுதியாகக் கொழுந்து பறித்தனர். 100 மில்லிலீற்றர் குருதியில் 6 முதல் 9 கிராம் வரையே ஈமோகுளோபின் இருந்த, சோகை மிக்க பெண்களிடத்தில் முன்னேற்றம் மிகுதியாகக் காணப்பட்டது.

இவ்வாய்வின் முடிவைத் தோட்ட நிருவாகத்தார் கொழுந்தின் நிறையாகக் காண்பர். நாமோ அதனை வேறு கண்கொண்டு நோக்குதல் வேண்டும். நிறுவையில் ஏறிய அந்த மிகுதிக் கொழுந்து, அதுவரை அப்பெண்கள் மூச்சு வாங்கி நின்ற நேரத்தின் அளவு. சோம்பல் என்று பிறர் ஏசியது சோகை. மாலையில் வீடு திரும்பிப் பிள்ளையைத் தூக்கவும், அதன் பாடத்தைக் கேட்கவும் இயலாதபடி செய்ததும் அச்சோகையே.

செய்யத்தக்கன

தேநீரை விலக்குக என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அளவோடு பருகும் தேநீரால் நலமுள்ளவர்க்குத் தீங்கில்லை. மாற்ற வேண்டுவது பருகும் நேரமும் முறையுமே. அவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, உணவோடு தேநீர் பருகுவதைத் தவிர்த்தல். உணவுக்கும் தேநீருக்கும் இடையே குறைந்தது ஒரு மணித்தியாலம் இருத்தல் வேண்டும். 2017 ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பெண்களிடையே நடந்த ஆய்வொன்று, ஒரு மணித்தியால இடைவெளி விட்டபோது தேநீரின் தடை கணிசமாகக் குறைந்ததைக் காட்டியது. உணவோடு பருகத் தக்கவை வெந்நீரும், தேசிக்காய்ச் சாறு கலந்த நீருமாகும். தேசிக்காய், கொய்யா, நெல்லி ஆகியவற்றிலுள்ள உயிர்ச்சத்து சீ இரும்பை உறிஞ்சுவதற்குத் துணை செய்யும். சிறிது மீன் அல்லது கருவாடு சேர்ப்பதும் நன்று.

இரண்டாவது, கருவுற்ற பெண்கள் நாளொன்றுக்கு மூன்று கோப்பைக்கு மேற் பருகாதிருத்தல். ஒரு கோப்பைத் தேநீரில் 40 முதல் 50 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும்; தூளைக் கொதிக்க வைத்தால் அது மேலும் உயரும் ஆதலின், மூன்றோடு நிற்பதே காப்பு.

மூன்றாவது, மருத்துவ மாது கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்காதிருத்தல். கையில் தேநீர்க் கோப்பை இருக்க, அதனாலேயே மாத்திரையை விழுங்குவது எளிது. ஆனால் அரசு செலவிட்டு வழங்கும் மருந்தின் பயனை அந்தக் கோப்பையே பறித்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதனுடன் சேர்த்து உண்ணாது வேறு நேரத்தில் உண்ண வேண்டும்.

நான்காவது, கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்கள் உறக்கமின்மையால் வருந்தினால், முதலிற் பிற்பகல் தேநீரை நிறுத்திப் பார்த்தல். ஐந்தாவது, ஓயாத களைப்பு, வெளிறிய கண்ணிமை, ஏறும்போது மூச்சிரைப்பு ஆகியன தோன்றின், தேநீரை நாடாது குருதியைச் சோதிப்பித்தல். இச்சோதனைக்கு ஒரு துளிக் குருதியே போதும்.

பழைய மாணவர் கடன்

மருந்தைப் பற்றிப் பேசும் அதிகாரத்தில் வள்ளுவர், நோயுற்றவரின் தன்மை, நோயின் தன்மை, பருவம் என்னும் மூன்றையும் ஆராய்ந்தே வைத்தியன் செயற்பட வேண்டுமென்று விதித்தார். அவற்றுள் முதலாவதாக வைத்தது நோயுற்றவரையே. எல்லா உடலும் ஒன்று எனக் கொண்டு ஆணுக்கு அளந்த அளவையே பெண்ணுக்கும் எழுதிய மருத்துவம், அம்முதற் படியை மறந்தது. இன்று அது திரும்பிக் கற்றுக்கொண்டிருக்கிறது.

நம் பழைய மாணவருள் ஆசிரியர் பலர். வைத்தியசாலைகளிலும், தோட்ட அலுவலகங்களிலும், தொழிற்சங்கங்களிலும் பணிபுரிவோர் பலர். அவர்களுட் பெரும்பாலோரின் கல்விக்குக் கொழுந்துக் கூடையே கட்டணம் செலுத்தியது. அக்கூடையைச் சுமந்தவர்க்கு நாம் திருப்பிச் செலுத்தத்தக்க கடன்களுள் இவ்வறிவும் ஒன்று. மாணவிகளுக்கு விஞ்ஞான பாடத்தில் இதனைக் கற்பிக்கலாம். மாதர் சங்கக் கூட்டங்களில் எடுத்துரைக்கலாம். பெரட்டுக் களத்தில் நிற்போர்க்கு இரண்டே வசனங்களிற் சொல்லலாம்: சாப்பாட்டோடு தேத்தண்ணீர் வேண்டாம், களைப்புத் தீராவிட்டால் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. புதிய கட்டடமும் வேண்டியதில்லை. இல்லத்தில் உள்ள ஆண்கள் தம் சோற்றையும் கறியையும் பெண்களோடு ஒப்பப் பகிர்ந்து உண்டு, தேநீரை ஒரு மணித்தியாலம் தாழ்த்திக் கேட்பாராயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.